பிடித்த மீனை விடுவதா, சட்டியில் இடுவதா?

கச்சான் காற்று ஓய்ந்து கடல் அடங்கியிருந்த ஒரு டிசம்பர் மாதம். வெள்ளவத்தையில் மரைன் டிரைவைத் தாண்டி, ரயில் பாதையையும் தாண்டி இறங்கினால் வரும் கற்பாறைகளில் பின்னேரம் நாலரைக்கே ஆட்கள் தூண்டிலோடு வந்து குந்திவிடுவார்கள். அங்கேதான் எங்கள் குடும்பத்துக்குள் இந்தச் சண்டை தொடங்கியது.

இங்கிலாந்தில் வளர்ந்த என் அக்காவின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். முக்கால் கிலோ தேறக்கூடிய ஒரு பாரை அவன் தூண்டிலில் மாட்டியது. ஐந்து நிமிடம் இழுபறிப்பட்டு எடுத்தான், இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பித்தான், பிறகு முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரில் விட்டான். பக்கத்துக் கல்லில் இருந்தவர் முகத்துவாரத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு அண்ணன். அவருக்குக் கண்ணை நம்ப முடியவில்லை.

"என்ன தம்பி, கை வழுக்கிருச்சா?"

"இல்லை அங்கிள், நான்தான் விட்டனான்."

"விட்டீங்களா? அப்ப எதுக்குப் பிடிச்சீங்க?"

அந்த நேரம் பார்த்து எங்களோடு வந்திருந்த பெரியம்மாவின் மகனும் வாயைத் திறந்தார். அவர் முப்பது வருடமாகச் சுவிஸில் இருக்கிறார். "எங்கட இடத்தில விடுறதுக்கெண்டே பிடிச்சால் அது குற்றம், தெரியுமோ? பிடிச்சால் சாப்பிடோணும். உயிரோட விளையாடக் கூடாது."

மூன்று பேரும் தமிழர். இரண்டு பேர் ஒரே இரத்தம். மூன்று பேருக்கும் மூன்று நியாயம். இரவுச் சாப்பாட்டு மேசையில் இது இன்னும் சூடானது. வெள்ளைக்காரருக்கு இரக்கம் அதிகம், நமக்கு வாய்தான் பெரிது என்றார் ஒருவர். வயிறு நிறைந்தவன் விடுவான், பசித்தவன் தின்பான், இதில் என்ன பண்பாடு என்றார் இன்னொருவர். இரண்டும் பாதி உண்மை. விஷயத்தை முதலிலிருந்து பார்ப்போம்.

ஒரு சொல், மூன்று செயல்

பிடித்த மீனை உயிரோடு திரும்ப நீரில் விடுவதைப் பொதுவாகப் 'பிடித்து விடுதல்' என்கிறோம். இந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு மூன்று செயல்கள் அடங்கியிருக்கின்றன. பெரும்பாலான வாக்குவாதங்கள் இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் வருகின்றன.

ஒரு கலியாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் சாப்பிடாமல் எழும்பிப் போகிறார்கள். ஒருவருக்கு விரதம். ஒருவர் இன்னொரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவர். மூன்றாமவர் சாப்பிடும் எண்ணமே இல்லாமல், பந்தியில் உட்கார்ந்து இலையோடு படம் எடுத்துப் போடுவதற்காகவே வந்தவர். மூன்று பேரின் இலையும் வெறும் இலைதான். ஆனால் பெண்ணின் தகப்பனாருக்கு யார்மீது கோபம் வரும்?

மீனிலும் அப்படித்தான். அளவில் சிறியது, முட்டையோடு இருப்பது, பிடிக்கத் தடைசெய்யப்பட்டது என்பதால் விடுவது விரதக்காரர் வகை. விதி சொல்கிறது, விடுகிறோம். இலங்கையில்கூட, முட்டை சுமந்த சிங்க இறாலைப் பிடித்து வைத்திருக்க முடியாது. 'இன்றைக்கு இரண்டு போதும், மூன்றாவது வேண்டாம்' என்று விடுவது இரண்டாம் வகை. மூன்றாம் வகைக்காரர் வீட்டிலிருந்து புறப்படும்போதே ஒரு மீனையும் கொண்டுவருவதில்லை என்று முடிவெடுத்திருப்பார். அவருக்கு வேண்டியது பிடிக்கும் அனுபவம் மட்டுமே.

முதல் வகையை உலகில் ஏறக்குறைய எல்லாரும் ஏற்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. சண்டையெல்லாம் மூன்றாவதில்தான். என் மருமகன் மூன்றாம் வகை. முகத்துவாரத்து அண்ணன், வயிறு நிறைந்த நாளில், இரண்டாம் வகை.

எது தப்பு என்று யார் சொல்வது?

இங்கிலாந்தில் மீனுக்கும் சாதி இருந்தது. சல்மனும் ட்ரவுட்டும் பிரபுக்களின் ஆற்று மீன்கள், மேசைக்குப் போகிறவை. கால்வாய்களிலும் குளங்களிலும் வாழும் கெண்டை வகைகள் மற்றவர்களுக்கு. சேற்று வாடை என்று அவற்றை அவர்கள் விரும்பிச் சாப்பிடுவதில்லை. ஆனால் தொழிற்சாலை நகரங்களில் வார இறுதியில் தூண்டில் போட ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். சாப்பிடாத மீனைக் கொல்வதில் என்ன இருக்கிறது? நிறுத்தார்கள், போட்டியில் வென்றவரைக் கண்டுபிடித்தார்கள், திரும்ப விட்டார்கள். பழக்கம் இப்படித்தான் ஊறியது. இப்போது அங்கே பெரிய கெண்டைகளுக்குப் பெயர்கூட உண்டு. 'பென்சன்' என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு கெண்டை 2009-ல் செத்தபோது செய்தித்தாள்களில் வந்தது. ஏறக்குறைய 29 கிலோ எடை, 60 தடவைக்கு மேல் பிடிபட்டு விடப்பட்ட மீன். அந்தக் குளத்துக்குக் காசு கட்டி வருகிறவர்களுக்கு அது ஒரு நட்சத்திரம். அனுமதியின்றி அப்படி ஒரு மீனை வீட்டுக்குக் கொண்டுபோனால், சட்டப்படி திருட்டு.

இதே கெண்டை போலந்திலும் செக் நாட்டிலும் நத்தார் இரவின் விருந்து. செக் குடும்பங்கள் அதை உயிரோடு வாங்கிக் குளியல் தொட்டியில் சில நாள் வைத்திருந்து சமைப்பது பழைய வழக்கம். 2004-ல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து, அங்கிருந்து நிறையப் பேர் இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்தபோது என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குளக்கரைகளில் போலிஷ் மொழியில் அறிவிப்புப் பலகைகள் முளைத்தன. ஒருவர் கண்ணில் அது பெயர் சூட்டிய செல்லம், மற்றவர் கண்ணில் நத்தார்ச் சாப்பாடு. மீனுக்கு இது எதுவும் தெரியாது.

இனி ஜேர்மனி. அங்கே 1972-ல் வந்த விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பிரிவே, நியாயமான காரணமின்றி ஒரு விலங்குக்கு வலியோ வேதனையோ தீங்கோ விளைவிக்கக் கூடாது என்கிறது. அந்த 'நியாயமான காரணம்' என்ற சொற்களில்தான் முழு விஷயமும் தொங்குகிறது. சாப்பாடு நியாயமான காரணம். பொழுதுபோக்கு அப்படியல்ல என்பதே அங்கே பொதுவான நிலைப்பாடு. சுவிஸ் இன்னும் வெளிப்படையாகவே எழுதிவிட்டது: 2009 முதல், விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பது தடை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அனுமதி எடுக்கிறவர், மீனை எப்படிக் கையாள்வது, எப்படி வதைக்காமல் கொல்வது என்றெல்லாம் படித்துச் சான்றிதழ் பெற வேண்டும். அளவில் சிறியதை அங்கேயும் விடத்தான் வேண்டும். அதாவது முதல் வகை கட்டாயம், மூன்றாம் வகை குற்றம்.

பாருங்கள், இங்கிலாந்தும் சுவிஸும் மீனிடம் இரக்கம் என்ற ஒரே இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன. ஒருவர் 'கொல்லாதே' என்று முடிக்கிறார். மற்றவர் 'காரணமில்லாமல் தூண்டில் முள்ளைக் குத்தாதே' என்று முடிக்கிறார்.

அலாஸ்காவின் தென்மேற்கில் வாழும் யூப்பிக் மக்களின் பார்வை வேறு. மரியாதையாக நடப்பவரிடம் மீன் தானாகவே வந்து தன்னைத் தருகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. வந்ததை வாங்கிச் சாப்பிட்டால், அது மறுபடியும் வரும். வெளியிலிருந்து விமானத்தில் வந்து இறங்கும் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் சல்மனைப் பிடித்து, படம் எடுத்து, விட்டுவிட்டுப் போவதை அவர்கள் 'சாப்பாட்டோடு விளையாடுவது' என்கிறார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் மீன் மனம் நொந்து அடுத்த பருவம் வராது. சோற்றை அளைந்துவிட்டு எழும்பும் பிள்ளைக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அதே வார்த்தைதான். முகத்துவாரத்து அண்ணன் அலாஸ்காவைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார். "கடல் குடுத்ததைத் தூக்கி எறியிறீங்களே" என்று அவர் சொன்னபோது எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் இவர்கள்தான்.

சரி, இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: விடுகிறவர் இரக்கமுள்ளவர், சாப்பிடுகிறவர் கொடியவர் என்ற கணக்கு எங்கேயும் பொருந்தவில்லை. ஒவ்வோர் இடமும் 'எது தப்பு' என்ற கேள்விக்கு வேறு பதிலை வைத்திருக்கிறது. ஒன்றுக்குத் தேவையில்லாமல் கொல்வது தப்பு, ஒன்றுக்குத் தேவையில்லாமல் வதைப்பது தப்பு, ஒன்றுக்குக் கொடுத்ததை மறுப்பது தப்பு.

நம் பக்கம் என்ன சொல்கிறது

'பிடித்து விடுதல்' நமக்கு முற்றிலும் அந்நியம் என்று சொல்கிறவர்கள் அதிபத்த நாயனாரை மறந்துவிடுகிறார்கள். வெள்ளவத்தையில் சைவ சமயம் படித்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த கதைதான். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவர். ஒவ்வொரு நாளும் வலையில் வரும் மீனில் முதன்மையான ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விடுவார். வலை வறண்டு, ஒரு நாளைக்கு ஒரே மீன்தான் என்று ஆன காலத்திலும் அந்த ஒன்றையே விட்டார். குடும்பம் பட்டினி. கடைசியில் பொன்னும் மணியுமாக ஒரு மீன் வந்தது, அதையும் விட்டார். பெரியபுராணம் இதைச் சொல்கிறது. ஆவணி ஆயிலியத்தில் நாகப்பட்டினத்தில் இன்றும் பொன் மீன் விடும் விழா நடக்கிறது.

கவனியுங்கள், இந்த விடுதல் மீனுக்காக அல்ல. இரக்கத்தாலும் அல்ல, விளையாட்டுக்கும் அல்ல. அது கொடுப்பது. தனக்கு மிகத் தேவையானதைக் கொடுப்பதால்தான் அது பக்தி. வயிறு நிறைந்தவன் விட்டால் அது கதையே ஆகாது. என் மருமகனிடம் இதைச் சொன்னேன். "அப்ப நானும் நாயனார்தானே மாமா" என்றான். வாய் மட்டும் வல்வெட்டித்துறைக்காரன்.

கொழும்பில் மீன் பிடிப்பது பற்றிப் பேசும்போது பௌத்தத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. போயா நாளில் இறைச்சிக் கடை பூட்டியிருக்கும் ஊர் இது. என்னோடு வேலை செய்த சிங்கள நண்பர் ஒருவர் மீன் வாங்கிச் சாப்பிடுவார், தூண்டிலை மட்டும் தொடமாட்டார். எனக்கு இது நெடுநாள் புதிராக இருந்தது. உயிர்க்கொலை என்ற குற்றம் முழுமையாக ஐந்து உறுப்புகள் வேண்டும் என்று தேரவாத பௌத்த உரைகள் சொல்கின்றன: ஓர் உயிர் இருக்க வேண்டும், அது உயிர் என்று தெரிந்திருக்க வேண்டும், கொல்லும் எண்ணம் வேண்டும், முயற்சி வேண்டும், அதனால் அது சாக வேண்டும். விட்டுவிட்டால் கடைசி உறுப்பு இல்லை. ஆனால் வேண்டுமென்றே ஓர் உயிரை நோகடித்தது நோகடித்ததுதான். ஆகவே அந்த நண்பருக்கு 'பிடித்து விடுதல்' ஒரு தீர்வே அல்ல. விடுகிறவனையும் கொண்டுபோகிறவனையும் ஒரே மாதிரிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்.

முகத்துவாரம், கொச்சிக்கடைப் பக்கத்துக் கத்தோலிக்க மீனவருக்கு இது தொழில். யேசுவின் சீடர்களே வலை வீசியவர்கள். யோவான் எழுதிய நற்செய்தியில் 153 பெரிய மீன் என்று எண்ணிச் சொல்லியிருக்கிறது. எண்ணினார்கள், விட்டதாக இல்லை. இஸ்லாத்தில் கடல் வேட்டையும் அதன் உணவும் ஆகுமானவை. பயன் எதுவும் கருதாமல் ஓர் உயிரை வேடிக்கைக்காகக் கொல்வது வெறுக்கப்பட்டது. இப்படி ஒரு கல்லுக்கு ஒரு நியாயமாக ஆறேழு பேர் வரிசையில் குந்தியிருக்கிறார்கள்.

இடையில் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பேத்தை மீன் மாட்டினால் நம் ஆட்கள் செய்வது எந்த நியாயத்திலும் சேராது. நஞ்சு, சாப்பிட முடியாது. சரி. ஆனால் அதைத் தண்ணீரில் எறியாமல், இரையைத் தின்றுவிட்டதே என்ற எரிச்சலில் பாறையில் வீசி வெயிலில் காயவிடுவார்கள். சுவிஸ்காரரும் யூப்பிக் மூதாட்டியும் அதிபத்தரும் ஒரே குரலில் திட்டக்கூடிய காரியம் இது ஒன்றுதான்.

விட்ட மீனுக்கு என்ன நடக்கிறது?

இதுவரை பேசியது மனிதரின் மனத்தைப் பற்றி. இனி மீனின் உடம்பு. 'விட்டால் பிழைத்துவிடும்' என்பது எல்லாரும் யோசிக்காமல் சொல்லும் வார்த்தை. நீந்திப் போவதைக் கண்ணால் பார்க்கிறோம், அதனால் நம்புகிறோம். ஆனால் பல மீன்கள் நீந்திப் போய், சில மணி நேரம் கழித்து, நாம் பார்க்காத இடத்தில் சாகின்றன. இதற்கு 'விட்டபின் இறப்பு' என்று பெயர்.

எத்தனை சாகின்றன? 2005-ல் வந்த ஓர் ஆய்வு, பலர் பல மீன்களில் எடுத்த 274 மதிப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தது. சராசரி 18 சதவீதம். நூறு விட்டால் பதினெட்டு போய்விடும். ஆனால் சராசரியை நம்பிக் காரியமில்லை, ஏனெனில் ஒன்றும் சாகாத இடமும் உண்டு, பத்தில் ஒன்பதுக்கு மேல் செத்த இடமும் உண்டு. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

முதலில் களைப்பு. காலி வீதியில் புறப்பட்டுவிட்ட 100-ஆம் இலக்க பஸ்ஸைத் துரத்திப் பிடித்து ஏறியிருக்கிறீர்களா? ஏறியதும் மூச்சு வாங்கும், கால் நடுங்கும். அந்த நேரம் பார்த்து ஒருவர் உங்கள் வாயையும் மூக்கையும் ஒரு நிமிடம் பொத்தினால்? தூண்டிலில் போராடிய மீனைத் தூக்கிப் படம் எடுப்பது அதுதான். மீனின் செவுள் என்பது மெல்லிய தாள்களை அடுக்கியது போன்ற உறுப்பு. தண்ணீருக்குள் தாள்கள் விரிந்து நிற்கும், அவற்றுக்கிடையில் ஓடும் நீரிலிருந்து ஒட்சிசனை எடுக்கும். வெளியே எடுத்தால், நனைந்த கொப்பியின் பக்கங்கள்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் காற்று நிறைய ஒட்சிசன் இருந்தும் மூச்சுத் திணறும்.

இதை 1992-ல் கனடாவில் வானவில் ட்ரவுட் மீனில் அளந்தார்கள். நன்றாகக் களைக்கவைத்து, காற்றுக்கு எடுக்காமலே விட்டவற்றில் 12 மணி நேரம் கழித்து 88 சதவீதம் உயிரோடு இருந்தன. 30 விநாடி வெளியே வைத்தவற்றில் 62 சதவீதம். 60 விநாடி வைத்தவற்றில் 28 சதவீதம். எல்லா மீனும் இவ்வளவு மென்மையானவை அல்ல. ஆனாலும் ஒரு படத்துக்கும் இரண்டு படத்துக்கும் இடையில் உயிர் போகலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. எண்களைக் கேட்ட மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்தது முள். வாயோரத்தில் குத்தினால் காயம் சின்னது. இரையோடு முழுங்கி, தொண்டையிலோ செவுளிலோ குத்தினால் பெரும்பாலும் கதை முடிந்தது. முழுங்கிய முள்ளை இழுத்து எடுப்பதைவிட, தங்கூசியை அறுத்து முள்ளை உள்ளேயே விட்டுவிடுவது மீனுக்கு நல்லது. வட்டமுள் என்று ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதன் நுனி உள்நோக்கி வளைந்திருப்பதால் தொண்டையில் சிக்காமல் வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும்.

மூன்றாவது ஆழம். கொழும்பில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் நுவரெலியா போய்ச் சேரும்போது பலூன்போல ஊதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே காற்றழுத்தம் குறைவு, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. மீனுக்குள்ளும் அப்படி ஒரு பாக்கெட் இருக்கிறது. காற்றுப்பை என்பார்கள். மூழ்காமலும் மிதக்காமலும் நிற்க உதவும் உறுப்பு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் மேற்பரப்பைப்போல நாலு மடங்கு. அங்கிருந்து ஒரு கலவாயைச் சரசரவென்று இழுத்தால் அதன் காற்றுப்பை நாலு மடங்கு விரியப் பார்க்கும். நுவரெலியா பாக்கெட் கால் பங்குதான் விரிகிறது! கண் பிதுங்கும், இரைப்பை வாய்க்குள் தள்ளும், திரும்ப விட்டாலும் கீழே போக முடியாமல் வயிறு மேலாக மிதக்கும். கெண்டை வகைகளுக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு, ஏப்பம் விடுவதுபோல விட்டுவிடும். கலவாய்க்கு அது இல்லை. ஆழ்கடல் படகில் போய்க் கலவாயைப் பிடித்து 'விட்டுவிட்டேன்' என்கிறவர், பாரம் கட்டி அதைக் கீழே இறக்கிவிடாவிட்டால், பெரும்பாலும் பறவைகளுக்குத்தான் விட்டிருக்கிறார்.

நான்காவது நம் ஊருக்கே உரியது: சூடு. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். நன்னீரில் 10 பாகையில் லீட்டருக்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம் கரையும், 30 பாகையில் ஏழரைதான். அதே நேரம் சூட்டில் மீனின் உடம்புக்கு ஒட்சிசன் கூடத் தேவை. வரவு குறைந்து செலவு கூடினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடித்து விடும் முறைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு ஆறுகளில் பழகி எழுதப்பட்டவை. அதே பழக்கத்தை மத்தியான வெயிலில் ஒரு களப்புக் கரையில் செய்தால் விளைவு அதே மாதிரி வராது.

மீனுக்கு வலிக்குமா என்ற கேள்வி வராமல் இருக்காது. 2003-ல் பிரித்தானிய ஆய்வாளர் லின் ஸ்னெடனும் குழுவினரும், ட்ரவுட் மீனின் தலையில் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உணர்வது என்பதும் நாம் நோவதுபோல நோவது என்பதும் ஒன்றல்ல என்று வாதிடும் விஞ்ஞானிகளும் உண்டு. வலிக்கிறது என்று வைத்துக்கொண்டு நடப்பதில் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை என்பது என் எண்ணம்.

சுருக்கமாக: விடுவது மன்னிப்பு அல்ல, ஒரு பந்தயம். கரையோர ஆழமற்ற நீர், வாயோரத்தில் முள், நனைந்த கை, சில விநாடி என்றால் பந்தயம் மீன் பக்கம். ஆழம், முழுங்கிய முள், வெயில், போன் படம் என்றால் சாவின் பக்கம்.

முதலும் வட்டியும்

ஒரு மீனின் கதை ஒன்று, அந்த நீரில் உள்ள மீன் கூட்டத்தின் கதை வேறொன்று. வங்கியில் நிலையான வைப்புப் போட்டு வட்டியில் சீவிக்கும் ஓய்வூதியக்காரரைப்போலத்தான் மீனவரும். வட்டியைச் சாப்பிடலாம், முதலில் கை வைக்கக் கூடாது. எது வட்டி, எது முதல் என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

குஞ்சை விட வேண்டும் என்பது எல்லாருக்கும் புரியும். ஒருமுறையாவது முட்டையிடட்டும். பலருக்குத் தெரியாதது, மிகப் பெரியதையும் விட வேண்டியிருக்கலாம் என்பது. ஒரு பெண் மீனின் எடை இரு மடங்கானால் அது இடும் முட்டை பல இனங்களில் இரு மடங்குக்கு மேலாகக் கூடுகிறது. கொடுவாயை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆணாகத் தொடங்கி, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். பெரிய கொடுவா ஏறக்குறைய எல்லாமே தாய்மார். ஆகவே ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாயையும் விட வேண்டும், 120-க்கு மேற்பட்டதையும் விட வேண்டும். நடுவில் உள்ளதைக் கொண்டுபோகலாம். இதற்கு 'இடைநீள வரம்பு' என்று சொல்லலாம். கலவாயில் கணக்கு தலைகீழ்: பெண்ணாகத் தொடங்கி ஆணாகும். பெரியதையெல்லாம் பிடித்தால் ஆண் தட்டுப்பாடு.

நம் ஊரில் பெரிய மீனைப் பிடித்தவனுக்குத்தான் மதிப்பு. பேலியகொடை மீன் சந்தையிலும் பெரியதற்கே முதல் விலை. அதனால் 'பெரியதை விடு' என்று சொன்னால் மூளை கழன்றவன் என்று பார்ப்பார்கள். அதில் அவர்களையும் குறை சொல்ல முடியாது. பொழுதுபோக்குக்காரர் ஆயிரம் பேர் ஒரு சின்ன ஏரியைச் சூழ்ந்திருக்கும் நாட்டில், ஒவ்வொருவரும் கொண்டுபோனால் ஒரே வருடத்தில் ஏரி காலி. அமெரிக்கத் தூண்டில்காரர் லீ வுல்ஃப், நல்ல மீனை ஒரே ஒருமுறை பிடித்துத் தீர்த்துவிடக் கூடாது என்று 1939-லேயே எழுதியது அந்தக் கணக்கில்தான். மீனைச் சோற்றோடு எதிர்பார்க்கும் வீட்டில் அந்தக் கணக்கு வேறு. பண்பாட்டு வேறுபாடு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர், வேறு என்ன சாப்பாடு என்ற சாதாரணக் கணக்கு. பிறகுதான் அதற்கு நியாயமும் கதையும் சேர்கின்றன.

விடவே கூடாத மீன்

கடைசியாக ஒரு தலைகீழ். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஏரியில், அந்த ஊருக்கே உரிய கட்துரோட் ட்ரவுட்டைப் பிடித்தால் கட்டாயம் விட வேண்டும். அதே ஏரியில், அதே தூண்டிலில், வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஏரி ட்ரவுட் மாட்டினால் கட்டாயம் கொல்ல வேண்டும். பின்னது முன்னதைத் தின்று தீர்க்கிறது. ஜப்பானின் பிவா ஏரியில் அமெரிக்க பாஸ் மீனைப் பிடித்தால் திரும்ப விடக் கூடாது என்று 2003 முதல் விதி. நாம் ஆசையாகச் சாப்பிடும் திலாப்பியாவை, 1952-ல் நம் குளங்களுக்குக் கொண்டுவந்த அதே மீனை, குயின்ஸ்லாந்தில் பிடித்தால் உடனே கொன்றுவிட வேண்டும்.

கொழும்பிலும் இந்தக் கதை நடக்கிறது. வீட்டுத் தொட்டியில் பெருத்துப்போன 'டேங்க் கிளீனர்' மீனைக் கொல்ல மனமில்லாமல் பிள்ளைகள் கால்வாயில் விடுவார்கள். தியவன்னா ஏரியிலும் கால்வாய்களிலும் இப்போது அவை தாராளம். அது தென்னமெரிக்க மீன். வலையைக் கிழிக்கும், கரையைத் துளைக்கும், இங்கே அதைத் தின்பவை குறைவு. வெள்ளவத்தைக் கால்வாயில் தூண்டில் போடும் சிறுவர்கள் அதைப் பிடித்தால், அசிங்கமான மீன் என்று திரும்ப எறிந்துவிடுகிறார்கள். அவர்களிடம் மட்டும், விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

மறுநாள் மருமகன் காலி வீதியில் ஒரு குறடு வாங்கினான். முள்ளின் நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளை அதால் நசுக்கி மட்டமாக்கினான், விடுவதற்கு இலகுவாக. போன் பையிலேயே கிடந்தது. பெரியம்மா மகன் வரவில்லை. முகத்துவாரத்து அண்ணன் முள்ளை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "எதிர்முள் இல்லாட்டி மீன் கழண்டுரும் தம்பி" என்றார்.

கழன்றது. இரண்டு பாரை. மூன்றாவது நல்ல அளவில் வந்தபோது அண்ணன் தன் உரப்பையை விரித்துப் பிடித்தார். மருமகன் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.